தரைப்பாலத்தின் முன் நின்ற பஸ்

போன மாதம் பி.பி.ஏ. படிக்கும் மாணவிகள் சிலர் என் வீட்டுக்கு வந்தார்கள். ஓய்வு பெற்ற நிர்வாகி ஒருவரைப் பேட்டி கண்டு எழுதி வரச் சொல்லியிருக்கிறார்களாம். அவர்கள் பாடத்திட்டத்தை வாங்கிப் பார்த்தேன். திட்டமிடல், பணியாளர் நிர்வாகம், சந்தைப்படுத்துதல், தொழிற்சட்டம், முடிவெடுத்தல் என்று மூன்று வருடத்துக்கும் பிரித்துப் போட்டிருந்தது. நன்றாகத்தான் இருந்தது. என் காலத்தில் இப்படி ஒரு படிப்பு இருந்திருந்தால், எத்தனையோ தடவை உள்ளங்கை வியர்த்திருக்காது.

அவர்களில் ஒருத்தி கேட்டாள்: "மேடம், டெசிஷன் மேக்கிங் நீங்க எங்க கத்துக்கினீங்க?"

"ஒரு தரைப்பாலத்துல. ஆனா அன்னைக்கு நான் அங்க இல்லை" என்றேன்.

கிழவிக்குக் கொஞ்சம் தடுமாற்றம் போலிருக்கிறது என்று நினைத்திருப்பார்கள். விவரமாகச் சொல்வதற்குள் அவர்கள் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அதனால் எழுதிவிடுகிறேன்.

எனக்கு ஊர் திண்டிவனம். அப்பா தையல்கடை வைத்திருந்தார். எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டுத் தட்டச்சும் சுருக்கெழுத்தும் படித்தேன். ஐம்பதுகளின் கடைசியில் விழுப்புரத்தில் ஒரு பஸ் கம்பெனியில் டைப்பிஸ்ட் வேலை கிடைத்தது. ஆபீஸில் நான் ஒருத்திதான் பெண். காலையில் கம்பெனி பஸ்ஸில் போய், சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் திரும்புவேன். பிற்காலத்தில் புதுச்சேரிப் பக்கம் ஒரு நூற்பாலையில் பணியாளர் பிரிவுக்குத் தலைமை வகித்து ஓய்வு பெற்றேன் என்றால், அதற்கான படிப்பு முழுக்க அந்த பஸ் ஷெட்டில்தான் நடந்தது.

மேனேஜர் பெயர் அருளானந்தம். யுத்த காலத்தில் ராணுவ லாரிப் பிரிவில் குமாஸ்தாவாக இருந்தவர். ஒல்லியான மனிதர். வண்டி கழுவுகிறவரைக்கூட 'வாங்க, போங்க' என்றுதான் பேசுவார். கோபம் வந்தால் குரல் இன்னும் இறங்கிப் போகும். என்ன சொல்கிறார் என்று காதைக் கிட்டே கொண்டுபோக வேண்டியிருக்கும். ஒரு விஷயத்தில் எல்லோரும் பேசி முடிக்கும்வரை தன் அபிப்பிராயத்தைச் சொல்ல மாட்டார். "நான் முதல்ல சொல்லிட்டா, அப்புறம் எல்லாரும் என் பேச்சையேதான் திருப்பிச் சொல்வாங்கம்மா" என்பார்.

நான் சேர்ந்த புதிதில் மரக்காணம் லைனில் ஒரு தகராறு. கடலோரக் குப்பங்களிலிருந்து பெண்கள் கருவாட்டுக் கூடைகளோடு திண்டிவனம் சந்தைக்கு வருவார்கள். பஸ்ஸில் வாசனை தாங்கவில்லை என்று மற்றப் பயணிகள் புகார் மேல் புகாராக எழுதினார்கள். இனி கூடைகளை ஏற்றவே கூடாது என்றார் முதலாளி. மேனேஜர் என் பக்கம் திரும்பினார். "நாளைக்கு நான் அந்த வண்டியில போய்ட்டு வர்றேன். நீங்களும் வாங்க. பெண்பிள்ளைங்க உங்ககிட்ட மனசு விட்டுப் பேசுவாங்க" என்று என்னையும் அழைத்துக்கொண்டு போனார்.

மரக்காணத்தில் ஒரு நடுவயதுப் பெண் என்னைப் பிடித்துக்கொண்டாள். "நாறுதுன்றாங்களே, எங்க கருவாட்ட வாங்கித் துன்றது ஆரு? இவங்க ஊட்டுலதானம்மா?" என்றாள். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். அப்புறம் அவளே சொன்னாள்: "இந்த பஸ்ஸு எங்களுக்கே புண்ணியமில்ல. நாங்க போய்ச் சேர்றதுக்குள்ள நல்ல எடமெல்லாம் புட்சிடறாங்க. கருக்கல்ல ஒரு வண்டி உட்டீங்கன்னா நாங்க ஏன் இவங்ககூட மல்லுக்கு நிக்கிறோம்?"

அவ்வளவு நாளாக அந்தப் பெண்களை யாரும் எதுவும் கேட்டிருக்கவில்லை. முதல் வண்டி விடியுமுன் கிளம்பும்படி நேரத்தை மாற்றினோம். கூரைமேல் கூடைகளுக்குக் கம்பித் தடுப்பு போட்டோம். விடிந்தபின் கிளம்பும் வண்டி மற்றவர்களுக்கு என்று ஆனது. யாரையும் இறக்கிவிடாமல் இரண்டு வண்டியும் நிறைந்தது. சந்தைப்படுத்துதல் பற்றி அதற்குமேல் நான் பெரிதாக எதுவும் கற்றுக்கொள்ளவில்லை.

தரைப்பாலத்து விஷயம் அதற்கு அடுத்த ஐப்பசியில் நடந்தது.

முதலாளியின் மச்சினர் மகனுக்குத் திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் பெண் எடுத்திருந்தார்கள். கல்யாணம் பெண் வீட்டில். முதல்நாள் மத்தியானம் மாப்பிள்ளை வீட்டார் எங்கள் கம்பெனியின் ஸ்பெஷல் வண்டியில் கிளம்பினார்கள். ஓட்டியவர் கோவிந்தசாமி. விக்கிரவாண்டிப் பக்கத்துக்காரர், சொந்தமாகக் கொஞ்சம் மல்லாட்டை என்கிற வேர்க்கடலைக் கொல்லை உண்டு. அதிகம் பேசாதவர், பேசினால் கொஞ்சம் முரட்டுத்தனமாக இருக்கும்.

வழியில் ஓர் ஓடைமேல் தரைப்பாலம். மேற்கே பெய்த மழையில் ஓடை பெருகிப் பாலத்தின்மேல் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. கோவிந்தசாமி வண்டியை நிறுத்தினார். போகலாம் என்று மாப்பிள்ளை வீட்டார் வற்புறுத்த, அவர் முடியாது என்றார். அந்த நேரம் பார்த்துப் பின்னாலிருந்து வேறொரு கம்பெனியின் பஸ் வந்தது. அதன் டிரைவர் இறங்கிப் பார்த்தார், ஏறினார், தண்ணீரில் விட்டு அக்கரை சேர்ந்துவிட்டார். எங்கள் வண்டியில் கூச்சல் கிளம்பியது. கோவிந்தசாமி இன்ஜினை நிறுத்திவிட்டு ஒரு புளியமரத்தடியில் போய் உட்கார்ந்துவிட்டார்.

மாப்பிள்ளை, மாப்பிள்ளையைப் பெற்றவர்கள், சீர்வரிசைத் தட்டுகள், குழந்தைகள் எல்லோரும் அன்றிரவு பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தங்கினார்கள். தண்ணீர் வடிந்து அவர்கள் போய்ச் சேர்ந்தபோது முகூர்த்தம் தப்பிவிட்டது. பெண்ணின் அப்பா, மாப்பிள்ளை வராமலே போய்விடுவாரோ என்று ஊர் நடுவில் நின்று அழுதாராம். எப்படியோ அன்றைக்கே இன்னொரு நல்ல நேரம் பார்த்துத் தாலி கட்டினார்கள். ஆனால் மச்சினருக்குப் பட்ட அவமானம் ஆறவில்லை. கோவிந்தசாமியை வீட்டுக்கு அனுப்பினால்தான் இனி இந்த வீட்டு வாசற்படி மிதிப்பேன் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டுப் போனார்.

வேலையை விட்டு நீக்குவதாக இருந்தாலும் விசாரணை நடத்தித்தான் நீக்க வேண்டும் என்றார் மேனேஜர். முதலாளி, "நடத்துங்க, ஆனா ஜல்தியா முடிங்க" என்றார்.

அந்த விசாரணை எப்படி நடந்தது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பின்னால் நான் நடத்திய விசாரணைகள் எல்லாவற்றுக்கும் அதுதான் அச்சு.

முதலில் குற்றச்சாட்டு. 'ஒழுங்கீனமாக நடந்துகொண்டார்' என்று நான் டைப் அடித்துக் கொடுத்ததை மேனேஜர் திருப்பிக் கொடுத்தார். "என்ன செஞ்சார்னு எழுதுங்க. ஒழுங்கீனமா இல்லையான்னு பார்க்கத்தானே விசாரணையே?" இரண்டு குற்றச்சாட்டுகள் எழுதினோம். இன்னொரு வண்டி கடந்துபோன பின்னும் தன் வண்டியை எடுக்க மறுத்தார் என்பது ஒன்று. மாப்பிள்ளை வீட்டாரைப் பார்த்து 'அவசரம்னா எறங்கி நடந்து போங்க' என்று மரியாதையில்லாமல் பேசினார் என்பது இன்னொன்று. பதில் எழுத அவகாசம் கொடுத்தோம். கூட வேலை செய்கிறவர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னோம். "நான் செஞ்சதுக்கு நானே சொல்லிக்கிறேனுங்க" என்றுவிட்டார் கோவிந்தசாமி.

விசாரணை அறையில் தனக்குப் போட்டுக்கொண்ட மாதிரியே ஒரு நாற்காலியைக் கோவிந்தசாமிக்கும் போடச் சொன்னார் மேனேஜர். கோவிந்தசாமி உட்காரத் தயங்கினார். "உட்காருங்க. நின்னுக்கிட்டே பேசுறவங்க பாதியை மறந்துடுவாங்க" என்றார். காபி கிடையாது. எல்லாம் முடிந்தபின்தான். சாட்சி சொல்கிறவர் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிரில் உட்கார்ந்துதான் சொல்ல வேண்டும். சொன்னதை நான் எழுதி, உரக்கப் படித்துக் காட்டி, ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து வாங்க வேண்டும்.

நான் 'நீரின் வேகம் மிகுந்திருந்தபடியால்' என்று படித்தபோது மேனேஜர் தடுத்தார். "அவர் அப்படியா சொன்னார்?"

"இல்லை சார். 'தண்ணி இஸ்துக்கினு ஓடுச்சு'ன்னார்."

"அப்ப அதையே எழுதுங்க. உங்க தமிழுக்கு அவர் கையெழுத்துப் போடக்கூடாது."

மச்சினர் வந்து தன் கதையைச் சொன்னார். பட்டு வேட்டியோடு பள்ளிக்கூடத் தரையில் படுத்ததை, சம்பந்தி முன்னால் தலைகுனிந்ததை ஒன்றுவிடாமல் விவரித்தார். கேட்டுக்கொண்டிருந்த எனக்கும் பாவமாக இருந்தது. முடித்ததும் மேனேஜர் கோவிந்தசாமியைப் பார்த்து, "நீங்க இவரை ஏதாவது கேக்கணுமா?" என்றார்.

கோவிந்தசாமி மச்சினர் பக்கம் திரும்பினார். "ஒண்ணே ஒண்ணுங்க. அன்னைக்கு நான் உங்கள ஒண்ணு கேட்டேன், ஞாபகம் கீதுங்களா? தண்ணிக்கு அடியில ரோடு கீதா, அரிச்சிக்கினு பூட்ச்சான்னு ஆருனா சொல்லுங்க, நான் ஓட்றேன்னேன்."

"அது எனக்கெப்படிய்யா தெரியும்?" என்றார் மச்சினர்.

"எனக்கும் தெரியலீங்க. அதான் நின்னேன்."

நான் எழுதினேன். மேனேஜர் மட்டும் விடவில்லை. தாழ்ந்த குரலில் கேட்டார்: "சரி, கோவிந்தசாமி. ஒரு வண்டி போனதை உங்க கண்ணால பார்த்தீங்க. அப்புறமாவது ரோடு இருக்குதுன்னு தெரிஞ்சிருக்குமே? அப்ப ஏன் போகலை?"

"அவன் போனப்ப இருந்துச்சுங்க. அவ்ளோ பாரம் ஏறி எறங்கினப்புறம் நான் போறப்பவும் இருக்குமான்னு தெரியலீங்க. எம் வண்டில கொழந்த குட்டிங்க நெறைய."

"நடந்து போங்கன்னு சொன்னீங்களா?"

"சொன்னேனுங்க. அது தப்புதான். எல்லாரும் பேஜாரு பண்ணிக்கினு இருந்தாங்க, வாயில வந்துட்ச்சு."

அன்றைக்கு அதோடு நிறுத்தினார்கள். சாயங்காலம் மேனேஜர் என்னை அழைத்துக்கொண்டு பஸ் நிலையத்தை ஒட்டிய டீக்கடைக்குப் போனார். அன்று தண்ணீரைக் கடந்த அந்த டிரைவர் அங்கே உட்கார்ந்திருந்தார். காசிம் பாய் என்பார்கள். மேனேஜர் விஷயத்தைச் சொல்லி, விசாரணைக்கு வந்து நடந்ததைச் சொல்ல முடியுமா என்று கேட்டார்.

காசிம் பாய் முடியாது என்று தலையை ஆட்டினார். "எங்க மொதலாளி உடமாட்டாருங்க. ஆனா உங்களுக்காகச் சொல்றேன். ஜல்தியா போய்டலாம்னு எறக்கிட்டேன். பாதி பாலத்துல வண்டி ஒரு பக்கமா நவுந்துச்சு. கொஞ்ச தூரம் வண்டிய நான் ஓட்டலீங்க, தண்ணிதான் ஓட்டுச்சு. அக்கரையில எறங்கி மண்ணுல குந்திட்டேன். திரும்பி வர்ற டிரிப்ப அந்த வழியா நான் எடுக்கவே இல்ல."

எனக்குக் குதிக்க வேண்டும்போல் இருந்தது. வெளியே வந்ததும், "இது போதுமே சார்! நாளைக்கே எழுதிடலாம்" என்றேன்.

"எழுத முடியாதும்மா. கோவிந்தசாமியும் முதலாளியோட மச்சினரும் எதிர்ல இருக்கும்போது சொன்னாத்தான் சாட்சி. டீக்கடையில சொன்னது நம்ம மனசுக்கு மட்டும்தான்." கொஞ்ச தூரம் நடந்துவிட்டு நின்றார். "சரி, அவர் வேற மாதிரி சொல்லியிருந்தா? 'சுகமா போய்ச் சேர்ந்தேன், ஒரு ஆட்டம் இல்லை'ன்னு சொல்லியிருந்தா? கோவிந்தசாமியை வேலையை விட்டுத் தூக்கலாம்பீங்களா?"

திண்டிவனம் வரும்வரை அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோதுதான் எனக்குப் பிடிபட்டது. காசிம் பாய் எப்படிப் போய்ச் சேர்ந்தார் என்பதற்கும், கோவிந்தசாமி நின்றது சரியா என்பதற்கும் சம்பந்தமே இல்லை. நின்றபோது அவருக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்பதை மட்டும்தான் நாம் பார்க்க வேண்டும். முடிவு நல்லதா கெட்டதா என்பதை அதன் பலனைப் பார்த்துச் சொல்லிவிட யாராலும் முடியும். அதற்கு ஒரு மேனேஜர் தேவையில்லை.

அடுத்தநாள் மேனேஜர் வருவதற்கு முன்பே முதலாளி ஆபீஸுக்கு வந்துவிட்டார். நேராக என் மேசைக்கு வந்தார். "கோவிந்தசாமிக்கு டிஸ்மிஸ் ஆர்டர் அடிச்சி வை. தேதிய அப்புறம் போட்டுக்கலாம்."

அப்பாவுக்குக் கண் மங்கிக்கொண்டு வந்த காலம் அது. ஊசியில் நூல் கோக்க முடியாமல் தையல்கடையை மூடும் நிலை. என் சம்பளத்தில்தான் வீடு நடந்தது. மெஷினில் பேப்பரை ஏற்றினேன். கை அதற்குமேல் போகவில்லை.

"சார், விசாரணை முடியலீங்களே. என்ன காரணம்னு அடிக்கிறதுங்க?" என்றேன். எதிர்த்துப் பேசவேண்டும் என்று பேசவில்லை. நிஜமாகவே அந்த இடத்தில் என்ன வார்த்தை போடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

முதலாளி என்னை முறைத்தார். நான் அழுதுவிடுவேன்போல் இருந்தது. அந்த நேரம் மேனேஜர் குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தார். நிலைமையைப் புரிந்துகொண்டார். "இன்னிக்கு ஒரு சாட்சி பாக்கி இருக்குங்க. நீங்க உள் ரூம்ல உக்காந்து கேளுங்க. கேட்டப்புறம் உங்க இஷ்டம்" என்றார், எப்போதையும்விடத் தாழ்ந்த குரலில்.

பாக்கி இருந்த சாட்சி, மாப்பிள்ளை. அவருக்கும் மேனேஜர் நோட்டீஸ் அனுப்பியிருந்தார். புது மாப்பிள்ளையை விசாரணைக்குக் கூப்பிடுவதா என்று மச்சினர் குதித்ததால், வரமாட்டார் என்றே நினைத்தோம். ஆனால் மழையில் சைக்கிள் மிதித்துக்கொண்டு தனியாக வந்து சேர்ந்தார். தணிகாசலம் என்று பெயர். மஞ்சள் கயிறு கட்டிய கை. கோவிந்தசாமியைப் பார்த்ததும் கும்பிட்டார்.

"பாலத்துகிட்ட நீங்க என்ன பார்த்தீங்க?" என்றார் மேனேஜர்.

"நானும் எறங்கி தண்ணிகிட்ட போனேனுங்க. ஒரு வாழமரம் வேரோட வந்து பாலத்து மேல ஏறி அந்தப் பக்கம் உழுந்துச்சு. ஒரு நிமிசம் கூட நிக்கல. எனக்குப் பயம் வந்துடுச்சு. என் தங்கச்சி கைக்கொழந்தையோட வண்டில உக்காந்துகினு இருந்தா."

"உங்க வீட்டார் போகச் சொன்னப்போ நீங்க என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லலீங்க. டிரைவரு என்னைக்கூட ஒரு பார்வ பார்த்தாரு. நான் தலைய குனிஞ்சிக்கினேன். அவரு வண்டிய ஆஃப் பண்ணப்ப எனக்கு அப்பாடான்னு இருந்துச்சுங்க. அத்தினி பேரும் திட்னாங்க. எனக்கு மட்டும் நிம்மதி."

உள் அறையின் கதவு திறந்தது. முதலாளி வந்து நின்றார். "இத ஏன்டா அன்னைக்கே சொல்லல?"

"எப்படி மாமா சொல்வேன்? பயந்துட்டேன்னு மாப்பிள்ளையே சொன்னா ஊரு என்னா பேசும்? இன்னிக்குக்கூட வர்றதா இல்ல. எம் பொண்டாட்டிதான் கேட்டா. 'நம்ப கல்யாணத்தால ஒருத்தருக்கு வேலை போவுதாமே, நீங்க அங்கதான இருந்தீங்க?'ன்னா. அதுக்கப்புறம் ஊட்டுல குந்த முடியல."

முதலாளி ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். கெட்ட மனிதர் இல்லை அவர். சொந்தக்காரர்களுக்கும் கம்பெனிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவர். "எம் மச்சான் ஊட்டுக்கு இனிமே நான் எந்த மூஞ்சிய வச்சிக்கினு போறது?" என்றார், யாரையும் பார்க்காமல்.

"வண்டியில ஏறின அத்தனை பேரும் உசிரோட கல்யாணத்துக்குப் போய்ச் சேர்ந்தாங்கன்னு சொல்லிக்கிட்டுப் போங்க" என்றார் மேனேஜர்.

முதலாளி என் பக்கம் திரும்பினார். "மேனேஜர் சொல்றத அடிச்சிக் குடும்மா."

முதல் குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவில்லை. இரண்டாவதைக் கோவிந்தசாமியே ஒப்புக்கொண்டதால் ஓர் எச்சரிக்கை. மேனேஜர் வாசித்தார். எச்சரிக்கை என்ற வார்த்தை வந்ததும் கோவிந்தசாமி 'சரிங்க' என்று தலையாட்டினார். வாசித்து முடித்ததும், "அப்ப நான் நாளைக்கு வண்டிக்கு வர்லாங்களா?" என்றார்.

"நாளைக்கு என்ன? இன்னிக்கு சாயங்காலம் திண்டிவனம் வண்டிக்கு ஆள் இல்லை. எடுக்கறீங்களா?"

கோவிந்தசாமி எழுந்து ஷெட்டின் ஓரத்தில் இருந்த குழாய்க்குப் போனார். ரொம்ப நேரம் முகம் கழுவினார். யாரும் அந்தப் பக்கம் போகவில்லை. அப்புறம் காபி வந்தது. தணிகாசலமும் கோவிந்தசாமியும் பக்கத்தில் பக்கத்தில் நின்று குடித்தார்கள்.

மேனேஜர் அன்றே ஓர் உத்தரவு எழுதச் சொன்னார். ரோட்டின்மேல் தண்ணீர் ஓடினால் வண்டியை நிறுத்துவது டிரைவரின் பொறுப்பு. நிறுத்தியதற்காக யார்மேலும் நடவடிக்கை கிடையாது. "நிறுத்துங்கன்னு சொன்னா மட்டும் போதாதும்மா. நிறுத்தினா தண்டனை இல்லைன்னு எழுதினாத்தான் காலு பிரேக்குக்குப் போகும்." அதற்குப்பின் வந்த மழைக்காலங்களில் எங்கள் வண்டிகள் எங்கெங்கோ நின்றன. புகார்கள் வந்தன. மச்சினர் வெகுநாள் முறைத்துக்கொண்டிருந்துவிட்டு, பேரன் பிறந்தபின் சமாதானமானார். ஆனால் தண்ணீர் அடித்துக்கொண்டு போன வண்டி என்று ஒன்றுகூட எங்களுக்கு இல்லை.

அன்று சாயங்காலம் கோவிந்தசாமி ஓட்டிய வண்டியில்தான் நான் வீட்டுக்குப் போனேன். ஜன்னலோரம் உட்கார்ந்தேன். மழை விட்டிருந்தது. அந்த வாரம் முழுக்கச் சரியான தூக்கமில்லை. வண்டி ஊரைத் தாண்டி வேகம் எடுத்ததும் உடம்பு முழுக்கத் தளர்ந்ததை உணர்ந்தேன். விக்கிரவாண்டி வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது.

"அம்மா, ஊரு வந்துட்ச்சு."

கண்ணைத் திறந்தால் கோவிந்தசாமி நின்றுகொண்டிருந்தார். வண்டி காலியாகி இருந்தது. பதறி எழுந்து, சேலையைச் சரிசெய்துகொண்டு, "தூங்கிட்டேங்க" என்றேன்.

அவர் சிரித்து அன்றைக்குத்தான் நான் முதல்தடவையாகப் பார்த்தேன். "தூங்குங்கம்மா. வண்டின்னா அப்படித்தான் தூங்கணும்" என்று சொல்லி, நான் இறங்குவதற்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றார்.